பாப்பம்மாவின் இஞ்சி டீ

“தம்பி, உன் பொண்டாட்டி என் டீயில என்னமோ பொடி போடுறா” என்று பாப்பம்மா மகன் நரேந்திராவிடம் சொன்னபோது, உர்மிளா பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு இந்திதான், தமிழ் தெரியாதது ஒரு வசதி.

ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து பிஜித் தீவின் வுனிமோனோ ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நரேந்திராவும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குடியேற எழுதிப் போட்டிருந்தான். மருத்துவப் பரிசோதனையில் ஒருவர் தேறாவிட்டாலும் குடும்பத்துக்கே விசா கிடையாது. அம்மாவுக்கோ பிரஷர். சாகும்வரை இங்கேதான் என்று அடம்பிடித்தவள், இப்போதுதான் சரியென்று தலையாட்டியிருந்தாள். அம்மா மட்டும் இல்லாவிட்டால் உர்மிளா அடுத்த விமானத்தில் ஏறிவிடலாம்.

மறுநாள் சமையலறையை எட்டிப் பார்த்தான். உர்மிளா அம்மாவின் பிரஷர் மாத்திரையைப் பொடித்து டீயில் கலக்கிக்கொண்டிருந்தாள். அம்மாதான் தினமும் மாத்திரை விழுங்குவதாகச் சொல்கிறாளே, அதற்கு மேல் இது எதற்கு? மருந்துக்கடையில் நைசாக விசாரித்தான். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே மந்தமாகிவிடும் என்றார்கள்.

போலீசுக்குப் போனால் மானமும் போகும், விசாவும் போகும். நரேந்திரா வேறு வழி பிடித்தான். காலை டீயை மாரியம்மன் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்ட பிறகே குடிப்பது அந்த வீட்டு வழக்கம். மாமியாரும் மருமகளும் கண்மூடிக் கைகூப்பி நிற்கும்போது, இருவர் கோப்பையையும் இடம் மாற்றி வைத்தான். அவள் போட்டதை அவளே குடிக்கட்டும், தலை சுற்றினால் தானாகப் புத்தி வரும் என்று தினமும் அதையே செய்தான். இஞ்சி தூக்கலாக இருந்ததால் உர்மிளாவுக்குக் கசப்பு தெரியவில்லை.

பரிசோதனை நாளில் தலைநகர் சுவாவில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பாப்பம்மாவுக்குப் பிரஷர் எகிறி, நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார். உர்மிளாவின் நாடியோ அசமந்தமாக, விட்டு விட்டு நகர்ந்தது. இருவருக்குமே கையெழுத்துப் போட முடியாது என்று பேனாவை மூடிவிட்டார்.

உர்மிளா இந்தியில் அழுது புலம்பினாள். மாத்திரை தொண்டையில் சிக்குகிறது, டீயில் பொடித்துப் போடு என்று இந்தியில் கேட்டதே மாமியார்தானாம். அவரைப் பரிசோதனையில் எப்படியாவது தேறவைத்துவிட வேண்டுமென்று ஒருநாள்கூடத் தவறாமல் போட்டாளாம்.

நரேந்திரா அம்மாவைப் பார்த்தான். பாப்பம்மா நிம்மதியாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தமிழில் மெல்லச் சொன்னாள்:

“கோப்பைய நீ மாத்துனத அவகிட்ட சொல்ல மாட்டேன், பயப்படாத.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“சாமி கும்புடறப்ப நான் என்னிக்குடா கண்ணை மூடினேன்?”