பாசக்கார ரம்பம்

இருட்டிக் கிடந்த மரம் அறுக்கும் மில்லில் "கிரீச், கிரீச்" என்று சத்தம் கேட்டது. தாய் எலி ஓடிப்போய்ப் பார்த்தால், அவளுடைய குட்டிகள் கிழட்டு வட்ட ரம்பத்தின் பல்லைப் பிடித்து ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன.

"பயப்படாதேம்மா, கரண்ட் இல்லை. நான் தூங்குறேன்" என்றது ரம்பம்.

"வேலைக்காரங்க போறப்போ சுவிட்சை அணைச்சாங்களா?" என்று கேட்டாள் தாய் எலி.

"அதையெல்லாம் இங்கே யாரு பார்க்கிறா? எல்லாருக்கும் எம்மேல அவ்வளவு பாசம். ஆளுக்கொரு விரல் கொடுத்திருக்காங்க."

பல்லில் கை படாமல் காக்கும் ரம்ப மூடி, கழற்றிச் சுவரில் மாட்டியிருந்த இடத்திலிருந்து பெருமூச்சு விட்டது. "நான்தான் இடைஞ்சலாம். இப்போ எம்மேல சட்டை காயுது."

தாய் எலி குட்டிகளைக் கவ்வி இழுத்தாள். கடைசிக் குட்டி இறங்கும்போதே கரண்ட் வந்தது. ரம்பம் உறுமிச் சுழன்றது. குட்டியின் மீசையில் பாதி பறந்தது.

"தூக்கத்துல புரண்டுட்டேன், கோவிச்சுக்காதே" என்று ரம்பம் கத்தியது.

தாய் எலி ஒவ்வொரு வாலையும் தடவிப் பார்த்துவிட்டு, வளையின் கதவை உள்ளிருந்து தாழிட்டாள்.