பிரேக் அண்ணனோடு யாரும் பேசுவதில்லை

“பிரேக் அண்ணன் போயிட்டாராம். விடியக்காலையில, தூக்கத்திலேயே.”

பஸ் பணிமனை வாசலில் எலெக்ட்ரீஷியன் இதைச் சொன்னபோது, யாரும் ‘அடடா’ என்றுகூடச் சொல்லவில்லை. டயர்காரர் கையிலிருந்த டீயை ஒரு மடக்கு குடித்தார். பெயிண்டர் தரையைப் பார்த்தான்.

“போகணுமா?” என்றான் வெல்டர். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று பட்டது.

“காட்டிக் கொடுத்த மனுஷன். அந்த வாசப்படியை எவன் மிதிப்பான்?” என்றார் டயர்காரர்.

“அதானே” என்றான் பெயிண்டர்.

“அதானே” என்றான் வெல்டரும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து கிளம்பின பஸ் ஒன்று, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு கடைக்குள் புகுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல, “பார்த்துத்தான் சார் அனுப்பினோம்” என்றார்கள்.

பிரேக் அண்ணன் மட்டும், “அன்னைக்கு நான் பிரேக்கைப் பார்க்கலை. நேரமில்லைன்னு ஃபோர்மேன் அப்படியே அனுப்பச் சொன்னார்” என்றார்.

ஃபோர்மேனுக்கு வேலை போயிற்று. எல்லாருக்கும் பிடித்த ஃபோர்மேன்.

“ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா அண்ணே?” என்று பெயிண்டர் கேட்டே விட்டான்.

“அழுகாதுடா. ஆனா வாய்ல வரலை.”

அதோடு சரி. அப்புறம் அவரோடு யாரும் பேசவில்லை.

மத்தியானம் வெல்டர் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றான். “கண்ணு எரியுது சார். டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெருப்புப் பொறி பட்டு அவன் துடித்தபோது, தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் பிரேக் அண்ணன். அந்த நினைப்பு காலையிலிருந்து அவனை வேலை செய்ய விடவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அண்ணன் வீட்டுச் சந்தில் நுழைந்தான்.

வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசியில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தான். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு போனவன்.

“நீ எங்கே இங்கே?”

“இந்தப் பக்கமா வந்தேன். நீ?”

“நானும் இந்தப் பக்கமாத்தான்.”

உள்ளே எட்டிப் பார்த்தால், சுவரோரம் எலெக்ட்ரீஷியன் தன் மனைவியோடு நின்றுகொண்டிருந்தான். அண்ணனின் கால்மாட்டில், தலையைக் குனிந்தபடி டயர்காரர்.

கொஞ்ச நேரத்தில் அவர்களும் வெளியே வர, நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

“இதை யார்தான் ஆரம்பிச்சு வெச்சது?” என்றான் எலெக்ட்ரீஷியன், மெல்ல.

“நீதான் அவர்கூடப் பேசறதை நிறுத்தினே. உன்னைப் பார்த்துத்தான் நான்...” என்றான் பெயிண்டர்.

“நானா? அன்னைக்கு அவர் டீ குடிக்க வந்து உட்கார்ந்ததும், டயர் அண்ணன் சட்டுனு எழுந்து போனார். சரி, பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்கன்னு நாங்களும் எழுந்துட்டோம்.”

மூன்று பேரும் டயர்காரரைப் பார்த்தார்கள்.

“அன்னைக்கு எனக்கு வயித்தைக் கலக்கிச்சுடா. பாத்ரூமுக்குத்தான் ஓடினேன்” என்றார் அவர். “திரும்பி வந்து பார்த்தா, பெஞ்சுல அவர் மட்டும் ஒத்தையா இருக்கார். நீங்கள்லாம் ஒதுக்கிட்டீங்க போலன்னு நானும் ஒதுங்கிட்டேன்.”

வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

“முதல்ல யாராவது ஒருத்தர் பேசட்டும், அப்புறம் நாமளும் பேசிடலாம்னுதான் இருந்தேன்” என்றான் பெயிண்டர்.

“எல்லாரும் அதுக்குத்தான் இருந்தோம்” என்றார் டயர்காரர்.

அண்ணனின் மனைவி வெளியே வந்தார். வெல்டர் எழுந்து நின்றான். ‘எந்த உரிமையில இங்கே வந்தீங்க’ என்று கேட்டால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும், வெளியே போகச் சொன்னாலும் தகும் என்று மனதைத் தயார் செய்துகொண்டான்.

அவர் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“புருவத்துல தழும்பு இருக்கே. வெல்டர் தம்பிதானே?”

“ஆமாங்க.”

“வருவீங்கன்னு தெரியும். தினமும் உங்க பேச்சுத்தான் இந்த வீட்டுல. டயர்காரர் இப்படிக் கிண்டல் பண்ணினார், பெயிண்டர் தம்பி அப்படிப் பாடினான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த விசாரணைக்கு அப்புறம் உங்ககிட்ட என்ன பாடுபடுவாரோன்னு நான் பயந்துகிட்டே கிடந்தேன். ‘அடப் போடி, பசங்க தங்கம். எதையும் மனசுல வெச்சுக்கலை’ன்னு சொல்லிட்டார்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்துக்கூட வேலை செய்யற இடத்துல நெஞ்சை அடைச்சுக்கிச்சாம். நீங்கதான் தண்ணி கொடுத்து, உட்கார வெச்சு, முதுகைத் தடவி விட்டீங்களாம். நல்லா இருக்கணும் தம்பி நீங்க.”

நேற்று பிரேக் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் மேல் சாய்ந்ததை வெல்டர் பார்த்தான். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தான். வேறு யாராவது போகிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. பாட்டிலை வைத்துவிட்டான்.

இப்போது அந்த அம்மாவின் பிடியிலிருந்து கையை எடுக்கத் தெரியாமல் நின்றான். மற்ற மூவரும் நிமிரவே இல்லை.

விசாரணையில் எல்லாரும் சொன்ன ஒரு பொய் வாயில் வராத மனிதர், இவர்களுக்காக வீட்டில் தினமும் பொய் சொல்லியிருக்கிறார்.