பக்கத்து இருக்கை

அவனுக்கு இருபத்து நாலு வயது. இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். காரில் ஏறியதிலிருந்தே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு புகார் வந்தாலும் நாளைக்கு வேலைக்கு வராதேன்னு முதலாளி சொல்லிட்டார்க்கா."

"வந்தாப் பாத்துக்கலாம். முதல்ல மூச்சு விடுங்க தம்பி," என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா. "கண்ணு ரோட்டுல இருக்கட்டும்."

வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. அவன் பிரேக்கை ஓங்கி மிதித்தான். வண்டி குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் முறைத்துவிட்டுப் போனார். அவனுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

"நல்லவேளை, மிதிச்சீங்க," என்றாள் அக்கா. குரலில் பதற்றமே இல்லை. "இப்ப மட்டும் கத்திடாதீங்க. கத்தினா அடுத்த வளைவுல இன்னும் மோசமாயிடும். என்ன தப்புன்னு ஒண்ணே ஒண்ணை மெதுவாச் சொல்லணும். அவ்வளவுதான்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா வண்டி கத்துக்கிறேன். நீங்க ஏழாவது வாத்தியார். ஆறு பேர்கிட்ட வாங்கின திட்டு கொஞ்சமா?"

தன் பக்கம் இருந்த பயிற்சியாளருக்கான இரண்டாவது பிரேக்கிலிருந்து அவன் மெல்லக் காலை எடுத்தான். அவன் நடத்தும் முதல் வகுப்பு அது.

"புகாரெல்லாம் சொல்ல மாட்டேன். வாத்தியார் எப்படி இருக்கணும்னு எனக்கு அத்துப்படி," என்றாள் அக்கா. "வண்டி ஓட்டத்தான் வரல. அதை மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க தம்பி."