ஆடும் கல்

சுவரோரம் மூன்று மாதிரி டைல்ஸ் சாய்ந்து நிற்கின்றன: சாம்பல், சந்தனம், வெள்ளை. ஜன்னல் வெயில் வெள்ளையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறார். தரையை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பது வெளியூரில் இருக்கும் மகள். பக்கத்துத் தெரு டைல்ஸ் மேஸ்திரி குந்தியபடி கரண்டிப் பிடியால் ஒவ்வொரு கல்லாய்த் தட்டி நகர்கிறார். சமையலறை வாசல் கல் மட்டும் 'டொக்' என்கிறது. "அடியில கலவை விட்டுப்போச்சு சார். மிதிச்சா ஆடுமே, கவனிக்கலையா?" "நாலு மணிக்கு என் வீட்டுக்காரி டீ எடுத்துட்டு வர்றப்ப அதை மிதிப்பா. சத்தம் கேட்டதும் பேப்பரை மடிச்சு வெச்சிடுவேன்." "அம்மா இப்ப எங்க சார்?" "போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு." மேஸ்திரி இடுக்கில் உளியைக் கொடுத்து நெம்புகிறார், கல் அலுங்காமல் கையோடு வந்துவிடுகிறது. அடியில் காய்ந்த மணல், எறும்பு போன தடம். "சரி, எந்தக் கலர் போடலாம் சார்?" கடிகாரம் நாலு அடிக்கிறது. கல்லே இல்லாத அந்தப் பள்ளத்திலிருந்து 'டொக்' என்று கேட்கிறது. மேஸ்திரி தன் கையிலிருக்கும் கல்லையே வெறிக்கிறார். பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நீட்டிய கால்களை மடக்கி வழி விடுகிறார்.