அடித்ததற்குக் காரணம்

மனைவியைக் கைநீட்டி அடித்தவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்ற முடிவோடுதான், அந்த மனைவியான கவிஞரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த நூலாசிரியை அந்த வீட்டின் அழைப்புமணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவன் கவிஞரின் மகன்.

“வாங்க மேடம். அம்மா பட்ட பாட்டை நான் மேடை மேடையாச் சொல்லிட்டு வரேன். இன்னைக்கு அப்பா வாயாலயே வரட்டும். நான் உள்ளே இருக்கேன். என்னைப் பார்த்தா அவர் வாயைத் திறக்க மாட்டார்.”

கூடத்தில், உறை போட்ட தட்டச்சுப் பொறியின் அருகே கவிஞரின் கணவர் உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். எடுத்துச் சொல்ல ஆளில்லை.

கவிஞர் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. தன் வாழ்வில் நடந்ததைத் தவிர வேறெதையும் எழுதாதவர் அவர். குடித்ததை எழுதினார், பெற்ற தாயை வெறுத்ததை எழுதினார், மனநல மருத்துவமனையில் கிடந்ததை எழுதினார். ஆனால் ஊரே மனப்பாடம் செய்தது இரண்டே வரிகளைத்தான்:

நான் சமைத்ததை உண்ட கை
ஈரம் காயுமுன் என் கன்னத்தில் இறங்கியது.

“இந்தக் கவிதையையும் நீங்கதான் தட்டச்சு பண்ணினீங்களாமே?”

“ஆமாம்மா. அவ சொல்லச் சொல்ல நான் அடிப்பேன்.” சட்டென்று நிறுத்தினார். “தட்டச்சைச் சொன்னேன்.”

“உங்களைக் கூண்டுல ஏத்தற வரியை உங்க கையாலயே? கூசலையா?”

“கோர்ட்டுல எத்தனையோ பேரோட வாக்குமூலத்தை அடிச்சவன்மா நான். சொன்னதைச் சொன்னபடி அடிக்கணும். நடுவுல புகுந்து பேசக் கூடாது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? முடி வெட்டற கடையில என் பக்கத்து நாற்காலியில யாரும் உட்கார மாட்டாங்க. நல்லாக் காத்து வரும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ஐயா, புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. உங்க பேரு, போட்டோ எல்லாம் வருது. காலத்துக்கும் உங்களைப் பெண்டாட்டியை அடிச்சவர்னுதான் படிப்பாங்க. மறுக்கறதா இருந்தா இப்பவே மறுத்துடுங்க.”

உள்ளறையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. முதியவர் அந்தக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“மறுக்கல. எழுதிக்கோங்க.”

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வெறுப்பு இன்னும் கூடியது. வருத்தப்படக்கூடத் தெரியாத கல்நெஞ்சக்காரர்!

“ஏன் அடிச்சீங்க?”

அவர் விழித்தார்.

“கவிதையில காரணம் இல்ல. அவங்க வேற எங்கேயும் சொல்லவும் இல்ல. காரணம் தெரியாம அந்த அத்தியாயத்தை நான் முடிக்க மாட்டேன். கைநீட்டற அளவுக்கு அன்னிக்கு அப்படி என்ன நடந்தது?”

“அது... சாப்பாட்டுல உப்பு...” என்று தொடங்கியவர் தலையை அசைத்தார். “இல்லம்மா, வேண்டாம். அவ சமையலை நான் குறை சொன்னா அடுக்காது.”

“அப்போ எதுக்கு?”

அவருடைய விரல்கள் மேசை விளிம்பில் ஓசையின்றித் தட்டச்சு செய்துகொண்டிருந்தன.

“கொஞ்சம் இருங்கம்மா, வந்துடறேன்” என்று சுவரைப் பிடித்தபடி எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை.

காது மந்தமானவர்கள் மெல்லப் பேசுவதாக எண்ணிக்கொண்டு பேசும் குரல், கூடம்வரை கேட்டது:

“காரணம் கேக்கறாங்கடா. நான்தான் அன்னிக்கு வீட்லயே இல்லையே. அம்மாவை எதுக்குடா அடிச்ச? சொல்லு, அதுக்காகத்தான் நான் அடிச்சேன்னு சொல்லிடறேன்.”