சங்கத்தின் நாக்கு

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹெட்டா அந்தச் சிவப்புத் திரவத்தைத் தலைவரின் மண்குவளைக்குள் கவிழ்த்தாள். புட்டியை உதறி உதறிக் கடைசிச் சொட்டையும் இறக்கினாள்.

பின்னால் வந்த கணவன் ஏவால்ட் பார்த்துவிட்டான்.

"அடிப்பாவி! என்னத்த ஊத்துற?"

"ராஸ்பெர்ரி சிரப். கத்தாத."

ஏவால்ட் பதறிப்போய்க் கதவைச் சாத்தினான். சங்கம் கூடும் சனிக்கிழமைகளில் கடையின் நிலவறையில் பீப்பாய்களோடு கிடப்பவன், இன்று தீர்ப்பு நாள் என்பதால் மேலே வந்திருந்தான்.

வெளியே உட்கார்ந்திருந்தது பெர்லின் தூய கோதுமை பீர் பாதுகாப்புச் சங்கம். புளித்த பீரில் பழச் சிரப் கலப்பவன் பெற்ற தாய்க்கே துரோகி என்பது அவர்கள் கொள்கை. கண்ணாடிக் கோப்பைகூட ஆகாது. நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாந்துவிடுமாம்.

போன வாரம் இங்கே ஒரு சுற்றுலாப் பயணி பச்சைச் சிரப் கலந்து, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிவிட்டான். அதிலிருந்து, கூட்டத்தை எதிர்க்கடைக்கு மாற்றுவதா என்று கொதித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போனால் கடைக்குப் பூட்டுதான்.

"நாக்குல பட்டதும் கண்டுபிடிச்சிருவாரு. நம்ம கதை முடிஞ்சுது!"

"நீ வாய மூடிட்டு இரு." ஹெட்டா குவளைத் தட்டோடு போய்விட்டாள்.

தலைவர் லெம்கே எழுந்து ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். ஏவால்ட் கல்லா ஓரம் நின்று எட்டிப் பார்த்தான்.

"முதல்ல சுருக்குனு ஒரு புளிப்பு, எலுமிச்சம்பழத்தக் கடிச்ச மாதிரி. பின்னாடியே கோதுமையோட மென்மை. கடைசியா... ஆஹா, ஏதோ காட்டுப்பழ வாசனை! எல்லாம் கோதுமை தானாக் குடுக்கறது. சிரப் குடிக்கிற பயலுகளுக்கு இது எங்க தெரியும்?"

"அப்படிச் சொல்லுங்க தலைவரே!" என்று சங்கமே ஒரே மடக்கில் குவளைகளைக் காலி செய்தது. கூட்டம் இனியும் இங்கேதான் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

இந்த நாக்குக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஏவால்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, லெம்கே மட்டும் கல்லாப் பக்கம் வந்து குனிந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. ஏவால்டின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்னம்மா ஹெட்டா, இன்னிக்கு சிரப்பு ரொம்பக் குறைச்சலா இருந்துச்சே?"

ஹெட்டா காலிப் புட்டியை ஆட்டிக் காட்டினாள்.

"நான் என்ன பண்றது தலைவரே? உங்க சங்கம் முழுசுக்கும் ஒரு பாட்டில் எப்படிப் பத்தும்?"