தொட்டிக்குப் போட்ட வட்டம்

கைலாசபுரம் குவார்ட்டர்ஸின் கொல்லையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் குளிக்கத் தார்ப்பாய்த் தொட்டி வைக்கவேண்டும் என்று சவரிநாதன் நடுவில் முளையடித்து, கயிறு பிடித்து வட்டம் போட்டு, மண்ணைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். நீளவாக்கில் போட்ட பலகையின் மேல் ரசமட்டத்துக் குமிழி நடுவில் நிற்கிறது. "மட்டமாயிடுச்சு" என்கிறார். அவர் மனைவி ரோசரிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வட்டத்தின் நடுவில் ஊற்றுகிறாள். அது சற்றுத் தயங்கிவிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் தினமும் போகிற வழியே வாழையைப் பார்த்து ஓடுகிறது. காவேரிக்கரை ஊரான தொட்டியத்திலிருந்து, பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து, அவள் பெயர்த்துக்கொண்டு வந்த வாழை அது. "தண்ணி இன்னும் பழைய வழியை மறக்கலைங்க" என்று சிரிக்கிறாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் செதுக்குகிறார். கட்டையால் மண்ணைத் தட்டும் சத்தம் மதிலில் பட்டுத் திரும்புகிறது. அடுத்த சொம்புத் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் துளி வானத்தை ஏந்திக்கொண்டு அப்படியே நிற்கிறது. ரோசரி வட்டத்தை ஒருமுறை சுற்றி வருகிறாள். "சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு அகலம்?" அவர் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை வழித்தபடி சொல்கிறார்: "காவேரியில நீந்தினவ நீ. இதுல காலை மடக்கிக்கிட்டா உக்காருவே?" ரோசரி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், தண்ணீர் இருப்பதுபோலக் காலிச் சொம்பை வாழையடியில் கவிழ்க்கிறாள்.